தொண்ணூற்றேழில் நின்ற ஊசி

எங்கள் மலை ரேடியோ நிலையத்தில் இனி ஆள் இருக்க வேண்டியதில்லையாம். எல்லாவற்றையும் கீழே சிரம்பான் நகரத்தில் உட்கார்ந்தபடியே திரையில் பார்த்துக்கொள்வார்களாம். இதைச் சொல்லவும், எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பவும் சேர்த்து ஒரே தேநீர் விருந்தாக வைத்துவிட்டார்கள். தின்னக் கறிபாப்பும் மீகோரேங் நூடுல்ஸும் இருந்தன. அப்போது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் கேட்டார்: "அங்கிள், மேல பேய் இருக்குன்னு சொல்றாங்களே, உண்மையாலா? நீங்க எதுக்குத்தான் ரொம்ப பயந்தீங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து, "ஒரு ஊசிக்கு" என்றேன். ஆஸ்பத்திரி ஊசி என்று நினைத்து இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். விளக்கம் சொல்ல அங்கே இடமில்லை. கறிபாப்பும் ஆறிக்கொண்டிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் லிங்கம். நான் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. அம்மாவும் அப்பாவும் பால் மரம் வெட்டினார்கள். படிப்பில் கொஞ்சம் சூட்டிகையாக இருந்ததால் தோட்டத்தை விட்டு வெளியேறினேன். கோலாலம்பூரில் இரண்டு வருடம் ரேடியோ வேலை கற்றுக்கொண்டேன். அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. ஈயம் உருக்கி ஒட்டினேன், விரல்களைச் சுட்டுக்கொண்டேன், பரீட்சை எழுதினேன். எழுபதுகளின் நடுவில் என்னை இந்த மலைக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரம். உச்சியில் ஒரு இரும்புக் கோபுரம், அதன் கீழ் ஒரு கட்டடம், பக்கத்தில், கரண்ட் போனால் மின்சாரம் தரும் எஞ்சின் இருக்கும் அறை, ஒரு சமையல் கட்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் எல்லாம் பேசிக்கொள்ளும் ரேடியோ அந்தக் கோபுரத்தின் வழியாகத்தான் போனது. கோபுரம் ஊமையானால் பாதி மாநிலம் ஊமை.

முதல் நாள் லாண்ட்ரோவரில் ஏறும்போதே காது அடைத்துக்கொண்டது. பெடாஸ் பாசாரில் வாங்கிய முறுக்குப் பாக்கெட் மேலே போய்ச் சேர்ந்தபோது தலையணை மாதிரி உப்பியிருந்தது. கீழே சட்டை நனைய வியர்த்தவன், மேலே இறங்கியதும் பல் கிட்டி நின்றேன். அங்கே இருந்த எஞ்சின்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா தம்பி, சுவெட்டர் கொண்டாரலையா? இது கேமரன் மலைக்குத் தம்பி மலைலா."

அவர்தான் முனியாண்டி அண்ணன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மலையின் அடிவாரத்தில் இருக்கும் ரப்பர்த் தோட்டத்தைச் சேர்ந்தவர். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. ஆனால் எங்கள் ஆட்கள் மலையடித் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவி பச்சையம்மா அங்கே பால் மரம் வெட்டினார். அண்ணன் வாரத்துக்கு ஐந்து நாள் மேலே தங்குவார், இரண்டு நாள் கீழே.

நிலையத்தின் தலைவர் மிஸ்டர் தம்பிராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பென்சில். அவர் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். வாசலுக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் மாட்டியிருந்தது. காலையில் வந்ததும் அதன் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டினால்தான் முள் சோம்பல் முறித்து உண்மையைச் சொல்லும் என்பார். ஒரு மணிக்கு ஒரு தடவை வெப்பம், காற்றழுத்தம், எஞ்சின் சூடு, பேட்டரி அளவு எல்லாவற்றையும் நான் நோட்டில் எழுத வேண்டும். எழுதியதைப் படிப்பார். பார்க்காமல் எழுதியிருந்தால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்.

"நீர் இதைப் பார்த்து எழுதினீரோ, நினைச்சு எழுதினீரோ?" என்று கேட்பார். அவ்வளவுதான். திட்டமாட்டார். சிவப்புப் பென்சிலால் அந்த எண்ணுக்கு ஒரு வட்டம் போடுவார். நாள் முழுதும் அந்த வட்டம் என்னை முறைத்துக்கொண்டிருக்கும்.

சோற்றுக் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு அது தேவைப்படும்.

மேலே போன முதல் வாரம் நான் சமைத்த சோறு நறுக்கு நறுக்கு என்று இருந்தது. முனியாண்டி அண்ணன் ஒரு கவளம் மென்று பார்த்துவிட்டு, "தம்பி, இதை ரோட்டுக்குப் போட்டா லோரி வழுக்காது" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் இன்னும் நேரம் கொதிக்க விட்டேன். பானை தளதளவென்று கொதித்தது. அரிசி மட்டும் வீம்பாக நின்றது. பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மிஸ்டர் தம்பிராஜா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போய் ஒரு நீளமான தெர்மாமீட்டரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"கொதிக்கிற தண்ணிக்குள்ள விடும். எத்தனை காட்டுது?"

"தொண்ணூத்தாறு சார்."

"பள்ளிக்கூடத்தில எத்தனை எண்டு படிச்சனீர்?"

"நூறு சார்."

"அது கடற்கரையில. இங்க மேல கிடக்கிற காத்து குறைவு. தண்ணியை அமத்திப் பிடிக்க ஆளில்லை. அது முந்தியே கொதிச்செழும்பும். கொதிக்குது எண்டதுக்காக அது போதுமான சூடு எண்டு நினையாதையும்."

அண்ணன் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பச்சையம்மா அண்ணி கீழேயிருந்து பிரஷர் குக்கர் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு சோறு வெந்தது. நாங்களும் அந்தப் பாடத்தை மறந்துபோனோம். சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மலையில் சத்தத்தின் குணமும் வேறு. விடிகாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும்போது கீழே இருந்து ஒன்றுமே கேட்காது. தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணி அடித்தாலும் எங்களுக்குத் தெரியாது. வெயில் ஏறி நிலம் சூடானதும் ஒவ்வொன்றாக மேலே வரும். நாய் குரைப்பது, யாரோ பிள்ளையைக் கூப்பிடுவது, கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் சத்தம் போடுவது. ஆனால் நாங்கள் மேலிருந்து என்ன கத்தினாலும் கீழே யாருக்கும் கேட்காது. சைரன் இருந்தது, கையால் சுற்றுகிற சைரன். சோதனைக்காக மாதம் ஒருமுறை சுற்றுவோம். கீழே கேட்டதா என்று அண்ணன் விசாரித்தால், "எந்த சைரன்?" என்பார்களாம்.

ஏன் என்று மிஸ்டர் தம்பிராஜாவிடம் கேட்டேன். சத்தம் ஏறுவதும் இறங்குவதும் ஒரே வழியில்தான் என்றார். "கீழ தோட்டத்து பாக்டரியில மெசின் ஓடுது. அந்த இரைச்சலுக்குள்ள உம்மட சைரன் எங்க கேக்கும்? இங்க மேல ஒரு இரைச்சலும் இல்லை, அதான் அவையின்ர சத்தம் எங்களுக்குக் கேக்குது. கேக்கிற காது சும்மா இருக்க வேணும் காணும்."

இதை வைத்து அண்ணனும் அண்ணியும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அண்ணி பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பப் பதினோரு மணி ஆகும். அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு காலி எண்ணெய் டிரம் இருந்தது. இரும்புக் கம்பியால் அதில் மூன்று அடி அடிப்பார். டங், டங், டங். பிள்ளைகள் நலம், வீடு நலம் என்று அர்த்தம். அண்ணன் தன் சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார். வெயிலைப் பிடித்துக் கீழே அடிப்பார். கண்ணாடி மூன்று முறை மின்னினால் அவரும் நலம். பனி மூடிய நாளில் கண்ணாடிக்கு வேலையில்லை. அண்ணி அடித்துவிட்டுப் போய்விடுவார். நான் கேலி செய்வேன். "அண்ணே, உங்க ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்தீங்களா?" அவர் வெட்கப்பட்டுக் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

இனி அந்த நாள்.

நான் மேலே போய் நான்காம் வருடம். இரண்டு நாளாக மழை. அன்று காலை மழை விட்டுவிட்டது, ஆனால் பனி இறங்கிவிட்டது. கோபுரத்தின் கால் மட்டும்தான் தெரிந்தது. மிஸ்டர் தம்பிராஜா சிரம்பானில் கூட்டம் என்று டிரைவரோடு லாண்ட்ரோவரில் கீழே போயிருந்தார். மேலே நானும் அண்ணனும்தான்.

பத்து மணிக்கு மின்சாரம் போனது. எஞ்சின் தானாகக் கிளம்பியது. மேலே காற்று மெலிவு, எஞ்சினுக்கு எப்போதுமே மூச்சு வாங்கும், கறுப்புப் புகை கக்கும். அன்று புகை அதிகமாக இருந்தது. பத்தரைக்கு மேல், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி ஏற ஆரம்பித்தது. அபாய மணி அடித்தது. எஞ்சின் தானே நின்றுவிட்டது. எஞ்சினைக் குளிர வைக்கும் காற்றாடியின் பெல்ட் அறுந்திருந்தது.

அண்ணன் நல்ல வேலைக்காரர். பத்து நிமிடத்தில் புது பெல்ட் மாட்டிவிட்டார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும், ஊற்றாமல் கிளப்ப முடியாது. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும் என்பது கணக்கு. பழைய பேட்டரி, ஒரு மணி நேரமும் தாங்குமோ என்று எனக்கு உதறல். அறைக்குள் இருந்து ரேடியோவில் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிடும் சத்தம் வேறு வந்துகொண்டிருந்தது.

எஞ்சின் அறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. மிஸ்டர் தம்பிராஜா எஞ்சினோடு வந்த புத்தகத்தைப் பார்த்து எழுதி மாட்டியது: ஊசி நூறுக்குக் கீழே இறங்கிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். நாங்கள் எல்லோரும் அதைத் தலைமேல் வைத்துக் கடைப்பிடித்தோம். அதற்கு முன்னால் எப்போதும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் திறந்திருக்கிறோம். நூறை ஒட்டித் திறக்க வேண்டிய அவசரம் அன்றுவரை வந்ததில்லை.

அண்ணன் ஈரச் சாக்கை மூடியின் மேல் போட்டு, கையை வைத்துக்கொண்டு நின்றார். ஊசி இருக்கும் தட்டு அந்தப் பக்கம். நான் அதன் முன்னால் குனிந்து நின்றேன்.

"எவ்வளவுடா?"

"நூத்தி மூணு."

நேரம் போனது. ரேடியோவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் மறுபடி கூப்பிட்டார்.

"இப்ப?"

"நூறுண்ணே. இருங்க... தொண்ணூத்தெட்டு."

"சொல்லுடா."

"தொண்ணூத்தேழு."

"தொறக்கலாமா?"

நான் பலகையைப் பார்த்தேன். ஊசியைப் பார்த்தேன். நோட்டில் எழுதுவதுபோலச் சரியாகப் பார்த்தேன். நினைத்துச் சொல்லவில்லை, பார்த்துத்தான் சொன்னேன்.

"தொறங்கண்ணே."

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அறை முழுதும் வெள்ளையாகிவிட்டது. மூடி எங்கோ கூரையில் மோதி விழுந்தது. சாக்கு என் காலடியில் வந்து கிடந்தது. அண்ணன் கத்தவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. ஆவி கொஞ்சம் விலகியதும் பார்த்தேன், சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு நேராக இரண்டு கையையும் தூக்கி, முகத்தைத் தொடவும் முடியாமல், கையை இறக்கவும் முடியாமல் இருந்தார்.

"லிங்கம், கண்ணு தெரியல. லிங்கம்."

வெட்கமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். சில நொடி நான் ஒன்றும் செய்யாமல் நின்றேன். பிறகு ஓடிப்போய் டெலிபோனை எடுத்தேன். சிரம்பானுக்கு நேரடியாக ஒரு லைன் உண்டு, அது பேட்டரியில் ஓடும். மிஸ்டர் தம்பிராஜாவைக் கூட்டத்திலிருந்து கூட்டி வந்தார்கள். நான் உளறினேன். அவர் வழக்கமான குரலில் கேட்டார்.

"முகமோ, நெஞ்சோ?"

"ரெண்டும் சார்."

"தொட்டித் தண்ணியைக் கொண்டுபோய் ஊத்தும். நிப்பாட்டாமல் ஊத்தும். கிரீஸ், பற்பசை ஒண்டும் பூச வேண்டாம். எத்தனையில திறந்தவர்?"

"தொண்ணூத்தேழு சார். நூறுக்குக் கீழதான். போர்டுல போட்டிருக்கிற மாதிரிதான் சார்."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"சோத்துப் பானையில எத்தனை காட்டினது?"

தொண்ணூற்றாறு. எங்கள் மலையில் தண்ணீர் தொண்ணூற்றாறிலேயே கொதிக்கும். மூடிக்குள் அடைபட்டு, அழுத்திப் பிடித்து வைக்கப்பட்டிருந்த தொண்ணூற்றேழு டிகிரித் தண்ணீர், திறந்த கணமே ஆவியாகச் சீறும். திறங்கள் என்று சொன்னவன் நான். அந்தத் தெர்மாமீட்டரைப் பிடித்ததும் என் கைதான். நாலு வருடமாகக் குக்கரில் சோறு தின்றுகொண்டே அது ஞாபகம் வரவில்லை.

"அதைப் பிறகு பார்ப்பம்" என்றார். "நான் வாறன். ரெண்டு மணித்தியாலம் ஆகும், பாதையில மண் சரிஞ்சு கிடக்கு. தோட்டத்துப் பாதை வேற பக்கம், காயத்துக்கு மருந்து போடத் தோட்டத்து டிரெசர்தான் கிட்ட. ஆனா தோட்டத்து போன் காலையில இருந்து செத்துப்போச்சு. சைரனைச் சுத்தும்."

"சார், கீழ கேக்காதே சார்!"

"யோசியும் காணும். எங்களுக்கும் தோட்டத்துக்கும் ஒரே கம்பியில்தான் கரண்ட் வருது. உங்க கரண்ட் இல்லையெண்டா அங்க பாக்டரி ஓடுமோ? போய்ச் சுத்தும்."

நான் தொட்டியிலிருந்து வாளி வாளியாக எடுத்து அண்ணன் மேல் ஊற்றினேன். அந்த மலைத் தண்ணீர் சாதாரண நாளிலேயே எலும்பைக் கடிக்கும். அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சுட்ட மனிதர் குளிரில் நடுங்குவதை அன்றுதான் பார்த்தேன். ஊற்றினால் விறைத்துச் செத்துப்போவாரோ, ஊற்றாவிட்டால் வெந்து செத்துப்போவாரோ என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டே ஊற்றினேன். நெஞ்சுக்குக் கீழே என் சுவெட்டரையும் கம்பளியையும் சுற்றினேன்.

அப்போதுதான் அது கேட்டது.

டங். டங். டங்.

மணி பதினொன்று. கீழே பச்சையம்மா அண்ணி வீடு திரும்பிவிட்டார். பிள்ளைகள் நலம், வீடு நலம்.

அண்ணன் தலையைத் திருப்பினார். முகம் அதற்குள் வீங்கி, கண் இருந்த இடம் கோடாகிவிட்டது.

"கண்ணாடி" என்றார். "லிங்கம், கண்ணாடிய எடுத்துக் காட்டிட்டு வாடா. பயந்துருவா."

"பனிண்ணே. தெரியாது."

"ஆமால்ல" என்றார். "பனில்ல."

அவரை விட்டுவிட்டு வெளியே போக வேண்டும். அதைவிடப் பயமான ஒன்றை என் ஆயுளில் நான் செய்ததில்லை. திரும்பி வரும்போது மூச்சு இருக்குமா என்று தெரியாது. சைரன் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. பனியில் கையை நீட்டினால் கை தெரியவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். அது முனகி, பிறகு ஊளையிட்டது. என் காதே அடைத்தது. நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை. பனிக்குள் நீர் சொட்டும் சத்தம் மட்டும். மறுபடி சுற்றினேன். பனி சத்தத்தை விழுங்கிவிடும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். தோள் இற்றுவிட்டது. மூன்றாவது தடவை சுற்றி நிறுத்தியபோது, கீழே வெகு ஆழத்தில் டிரம் ஒலித்தது.

இம்முறை மூன்று அடி இல்லை. அண்ணி நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த நாலு வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் மேலிருந்து போட்ட சத்தத்துக்குக் கீழே இருந்து பதில் வந்தது. நான் அந்தக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

முக்கால் மணி நேரத்தில் தோட்டத்து வேனில் டிரெசர் வந்துவிட்டார். அண்ணியும் கூடவே வந்திருந்தார், பால் கறை படிந்த சட்டையோடு, தலையில் கட்டிய துணியோடு. எஞ்சின் அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்து, "என்னா தம்பி ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். நான் வழிவிட்டு ஒதுங்கினேன். டிரெசர் ஊசி போட்டு, நனைந்த துணியால் மூடினார். வேனில் வந்த நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வேன் சத்தம் மறைந்ததும் நான் தனியாக உள்ளே போனேன். பேட்டரியில் கடைசி மூச்சு இருந்தது. திறந்து கிடந்த ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன், எஞ்சினைக் கிளப்பினேன். நோட்டில் நேரம் எழுதினேன். என் கையெழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கண் போய்விட்டது. கழுத்திலும் நெஞ்சிலும் தோல் கடைசிவரை பளபளவென்று இழுத்துக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம் கழித்து, சிரம்பான் ஆஸ்பத்திரி வார்டுக்கே விசாரணைக்கு வந்தார்கள். மேலதிகாரி கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மிஸ்டர் தம்பிராஜா கட்டில் தலைமாட்டில். நான் கால்மாட்டில். அண்ணன் முகம் பாதி கட்டுக்குள் இருந்தது.

"ஊசியைப் பார்த்தது யார்?" என்று அதிகாரி கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், உண்மையைச் சொன்னால் திறந்தேனா என்பதே எனக்கு நிச்சயமில்லை, அண்ணன் சொல்லிவிட்டார்.

"நான்தான் சார் பாத்தேன். நான்தான் தொறந்தேன். அந்தப் பையன் உள்ள ரேடியோகிட்ட இருந்தான்."

மிஸ்டர் தம்பிராஜா என்னைப் பார்த்தார். அன்று டெலிபோனில் நான் ஒரு நொடி யோசிக்காமல் எண்ணைச் சொன்னதை அவர் மறந்திருக்கமாட்டார். கட்டிலின் இரும்புக் கம்பியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார், பாரோமீட்டரைத் தட்டுவதுபோல. முள் நகரவில்லை. நான் பேசாமல் நின்றேன். அவர் அதிகாரியிடம் திரும்பி, "அந்த எண்ணைப் பலகையில எழுதினது நான். அது கீழ் நாட்டுக்குச் சரி, மலைக்குப் பிழை. என்ர பேரை எழுதுங்கோ" என்றார்.

இரண்டு பேர் எனக்கு முன்னால் போட்டி போட்டுக்கொண்டு பழியை எடுத்துக்கொண்டார்கள். நான் அதை வாங்கிக்கொள்ளாமல் நின்றேன். மறுவாரம் மிஸ்டர் தம்பிராஜா தன் கையாலேயே பலகையைச் சுரண்டி, புது வாசகம் எழுதினார்: ஊசியை நம்பாதே. வெறுங்கையை மூடியில் வைத்திருக்க முடிந்தால் மட்டும் திற. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஓய்வு பெற்றுப் போகும் வரை பேசவில்லை. என் நோட்டில் அதற்குப் பிறகு ஒரு சிவப்பு வட்டமும் போடவில்லை. போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அண்ணன் மலைக்குத் திரும்பவில்லை. தோட்டத்தில் ஸ்டோர் காவல் வேலை கொடுத்தார்கள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுநாள், பதினோரு மணிக்கு, நான் நோட்டு எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டது.

டங். டங். டங்.

யாருக்கு அடிக்கிறார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. மேலே அண்ணன் இல்லையே. பிறகு அவருடைய சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அது இன்னும் சமையல் கட்டு ஜன்னலில்தான் இருந்தது. மூன்று முறை மின்ன வைத்தேன்.

அன்றிலிருந்து தினமும். நான் மேலே இருக்கும் நாளெல்லாம். ஒரு நாள் தவறினாலும் எனக்குச் சோறு இறங்காது. பத்தரைக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். இன்றைக்கு அடிப்பாரா, காயம் சீழ் பிடித்துவிட்டதா, மற்றக் கண்ணும் போய்விட்டதா என்று. ஒருமுறை பருவமழைக் காற்றில் மூன்று நாள் சத்தமே வரவில்லை. நாலாம் நாள் லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கினேன், சறுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது. அண்ணன் அந்த டிரம் மேலேயே உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்.

"ஏன்டா நொண்டுற?"

"மூணு நாளா டிரம் கேக்கலண்ணே."

"தெனம் அடிச்சேன்டா. காத்து அந்தப் பக்கம் அடிக்குதுலா. இந்தா, சுளை சாப்பிடு."

ஊசியைப் பற்றிப் பேச அன்று வாயெடுத்தேன். சுளையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். லயத்தை இடித்தார்கள். அண்ணன் குடும்பம் பெடாஸ் பக்கம் ஒரு சின்னத் தரை வீட்டுக்குப் போனது. அங்கேயிருந்து மலை தெரியும், சத்தம் வராது. போன வருடம் அண்ணன் தூக்கத்தில் போய்விட்டார். நானும் பாடைக்குத் தோள் கொடுத்தேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

தேநீர் விருந்து முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெடாஸுக்குப் போனேன். அண்ணி காப்பி போட்டுக்கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் அந்த டிரம் இருந்தது. மழைத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்தார். காப்பி ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஊசி பாத்தது அண்ணன் இல்ல. நான்தான். தொறங்கண்ணேன்னு சொன்னதும் நான்தான். ஆஸ்பத்திரியில அவரு என்னைக் காப்பாத்திப் பொய் சொன்னாரு. நான் சும்மா நின்னேன்."

அண்ணி என் டம்ளரை எடுத்து, ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொண்டுவந்து வைத்தார்.

"தெரியும் தம்பி" என்றார். "கட்டுப் பிரிச்ச அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டாரு. அதனாலதானே டிரம் அடிச்சாரு. 'அந்தப் பய மேல தனியா பயந்துக்கிட்டுக் கெடப்பான், நான் உசுரோட இருக்கேன்னு தெனம் அவனுக்குத் தெரியணும்'னு சொல்வாரு. நான் அடிக்கறேன்னாலும் விடமாட்டாரு."

நான் வீட்டுக்குப் பின்னால் இருந்த டிரம்மைப் பார்த்தேன்.

"அவருக்கு மட்டும் பயம் இல்லைன்னா நெனச்ச?" என்றார் அண்ணி. "பனி மூடி உன் கண்ணாடி தெரியாத நாள்ல பன்னெண்டு ஆனாலும் சாப்பிட வரமாட்டாரு. அந்த ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு மலையவே பாத்துக்கிட்டு நிப்பாரு. எங்க நீ தனியா மூடியத் தொறந்துருவியோன்னு."

இத்தனை வருடமும் நான் ஒருவன்தான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.